வெர்லாவின் சீட்டு கிழியாத வெள்ளிக்கிழமை

இந்த வருஷம் வரைக்கும் வெர்லாவை வேலையை விட்டுத் தூக்காமல் எங்கள் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை கழிந்ததே கிடையாது. பேக்கர்ஸ்ஃபீல்டில் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிற பாஸ்கு இனத்தாரின் சாப்பாட்டுக்கடை அது. முதலாளி பெட்டிரி, கடல் தாண்டி அந்த இனத்தாரின் மலைநாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர், ஆட்டைச் சமைத்துப் பணக்காரர் ஆனவர். நான் பாரில் கிளாஸ் நிரப்புகிறவள். வெர்லா பரிமாறுகிறவள்.

ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக, ஆறடி உயரம் இருப்பாள். சிரித்தாள் என்றால் தண்டவாளத்தில் போகிற சரக்கு ரயில்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகும். இரண்டு புருஷன்களைக் கட்டி இரண்டு பேரையும் அவளே துரத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலில் பேன்கேக்குக்காகத் தெருவே தட்டோடு நிற்கும். நான் உட்பட. வெட்கம் பார்த்தால் வயிறு நிறையுமா?

எங்கள் கடையில் ஏழு மணிக்கு மணி அடிப்போம். நீள நீளமான மேஜைகளில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். முதலில் சூப்பு, அதில் கலந்துகொள்ள பீன்ஸும் காரச் சாறும், பிறகு ஊறவைத்த மாட்டு நாக்கு, பிறகு கறி, கடைசியில் ஐஸ்கிரீம். இந்த வரிசை பெட்டிரிக்கு வேதவாக்கு. அது கொஞ்சம் பிசகினாலும் அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். "ஏய் வெர்லா! உன் சீட்டு கிழிஞ்சுது! வெளிய போ!" என்று கூரை அதிரக் கத்துவார். ஒரு தடவை, பாதிரியாருக்கு இரண்டு துண்டு கறி வைத்ததற்காகத் தூக்கினார். இன்னொரு தடவை, மூக்கைச் சிந்தினதற்காக.

அவள் ஏப்ரனை அவிழ்த்து அவர் தோளில் போட்டுவிட்டு, மிச்சப் பந்தியைப் பரிமாறி முடித்துவிட்டுத்தான் போவாள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து நிற்பாள். இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்கள் மிரளுவார்கள், பழையவர்கள் ரொட்டியைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

இந்த வருஷம் முதலாளியின் மகள் கிரேசியான் கணக்கு வழக்கைக் கையில் எடுத்தாள். எடுத்த வாரமே அப்பாவைப் பாருக்கு இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

"அப்பா, நீங்க வாராவாரம் பண்றது விளையாட்டு இல்ல. இந்த மாநிலத்துல ஒருத்தரத் தூக்கினா, தூக்கின அந்த நிமிஷமே கணக்க முடிச்சுக் கையில குடுக்கணும். எடுக்காத லீவுக்கும் சேத்து. இழுத்தடிச்சா, இழுக்கிற நாளுக்கெல்லாம் சம்பளத்தத் தண்டமாக் கட்டணும்."

"வெர்லா எப்ப லீவு எடுத்தா?"

"அதத்தான் சொல்றேன். எடுத்ததே இல்ல. அவ்வளவும் சேந்து கெடக்கு."

பெட்டிரியின் முகத்தைப் பார்க்கணுமே! "அவளாப் போனா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனா உங்களுக்கு மூணு நாள் டைம் இருக்கு."

என் பக்கத்தில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த வெர்லாவின் காதில் இதெல்லாம் ஒரு சொல் விடாமல் விழுந்தது. அன்றிலிருந்து பெட்டிரி சாது ஆனார். கோபம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ ஜெபம் முணுமுணுப்பார்.

இப்படி இருக்கும்போதுதான், எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்னக் காலைச் சாப்பாட்டுக்கடை விலைக்கு வந்தது. ஆறே ஆறு ஸ்டூல், ஒரு தோசைக்கல் அகல அடுப்பு. கடைக்காரக் கிழவர், "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அட்வான்ஸ் வரலன்னா டயர் கடைக்காரனுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அதை வாங்க வெர்லாவுக்கு ஆசை; அவள் கையிலிருந்ததோடு அந்த லீவுப் பணமும் சேர்ந்தால் சரியாக வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உதட்டுச் சாயத்தை அழுத்திப் பூசிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ரமோனா, இன்னிக்கு எப்படியாவது இவரு வாயால என்னத் தூக்க வைக்கணும்."

"பைத்தியமாடி? நின்னுக்கிறேன்னு நேராச் சொல்லேன்."

"சொன்னா மூணு நாள் இருக்கே அவருக்கு! நான் மனசு மாறுவேன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் செக்கப் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டுத் திரிவாரு. கசாப்புக்காரன் பணத்தையே அப்படித்தான் இழுக்கிறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதோட, அவரு மூஞ்சியப் பாத்து நான் போறேன்னு சொல்ல எனக்கு வாய் வராதுடி."

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஏழு மணிக்கு வெகு முன்னாலேயே மணியை அடித்துவிட்டாள். சனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். பெட்டிரி கையைப் பின்னால் கட்டினார். "பரவால்ல, எல்லாருக்கும் பசி" என்றார்.

முதலில் ஐஸ்கிரீமைக் கொண்டுவந்து வைத்தாள். பெட்டிரியின் கழுத்து தக்காளியாகச் சிவந்தது. "வெயில் காலம், நல்ல யோசனைதான்" என்றார். வயதான ஆட்டுக்காரர் ஒருவர் ஐஸ்கிரீமில் பீன்ஸைக் கொட்டிக்கொண்டு தேமே என்று சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

"கறி இன்னிக்குச் செருப்பு மாதிரி இருக்கு, யாரும் தொடாதீங்க!" என்று நடுக்கூடத்தில் நின்று கூவினாள். "நம்ம வெர்லா தமாஷ்காரி" என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார் மனுஷன். கடைசியில் அவள் நேரே போய், அவர் தூங்கும்போதுகூடக் கழற்றாத அந்தக் கறுப்புத் தொப்பியைப் பிடுங்கி ஒரு போலீஸ்காரர் தலையில் மாட்டினாள். பெட்டிரியின் வழுக்கை விளக்கொளியில் பளபளத்தது.

"உங்களுக்கு... அழகா இருக்கு, சார்" என்றார் போலீஸ்காரரிடம்.

வெர்லா அழாத குறையாக அடுக்களைக்குள் ஓடினாள். பெட்டிரி என்னிடம் வந்து ஒரு கிளாஸை ஒரே மடக்கில் குடித்தார். "என்ன ஆச்சு இவளுக்கு? எதாவது வியாதியா? எங்கிட்ட மறைக்காதம்மா."

எனக்கு வாயில் எதுவும் நிற்காது. நிற்கிற விஷயமா இது? கடை, டயர் கடைக்காரன், நாளை மத்தியானம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் காலிக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அழுதுடுவா. நீங்களும்தான்."

"நான் எதுக்கு அழறேன்?" என்று மூக்கைத் துடைத்தார். "கிரேசியான்! செக்கு புக்க எடு!"

விஷயத்தைக் கேட்ட மகள், "அவளாத்தானப்பா போறா? நமக்கு மூணு நாள்..." என்று ஆரம்பித்தாள்.

"யார் சொன்னா அவளாப் போறான்னு? நான் தூக்குறேன்! லீவு எல்லாம் சேத்து எழுது!"

அடுக்களைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். அப்பப்பா, அந்த மாதிரிக் குரலை நான் கேட்டதே இல்லை. "வெர்லா! மணி அடிக்கத் தெரியாது! பந்தி போடத் தெரியாது! என் கறி செருப்பா? என் தொப்பி உனக்குப் பொம்மையா? கிழிஞ்சுதுடி உன் சீட்டு! இந்தா கணக்கு, வாங்கிக்கிட்டு வெளிய போ!"

கூடம் கைதட்டியது. வெர்லா செக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள், எது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஏப்ரனை அவிழ்த்தாள். பழக்கதோஷம், மேஜையில் கிடந்த தட்டுகளை அடுக்கப் போனாள்.

பெட்டிரி அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார். "இங்க வேல செய்யாதவ தட்டத் தொடக் கூடாது. உக்காரு."

ஆட்டுக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் நடுவே அவளை உட்காரவைத்து, அவரே உள்ளே போய்ச் சூப்பு கொண்டுவந்து ஊற்றினார். பரிமாறிப் பழக்கமில்லாமல் மேஜையெல்லாம் சிந்தினார். இத்தனை வருஷத்தில் அவள் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவள் ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

பெட்டிரி நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். "ஏய் வெர்லா, உன்ன..." என்று ஆரம்பித்தவர், மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே நின்றார். பிறகு உப்பு எடுத்துவரப் போனார்.