பேசினுக்குக் காவல்

சுவீடனில் நான் வேலை பார்க்கும் ஏரியில் எட்டு பிளாஸ்டிக் பேசின்கள் கவிழ்ந்து மிதக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு ரப்பர் குழாய். வாரத்தில் மூன்று நாள் சின்னப் படகில் போய், அந்தக் குழாய்களில் சிரிஞ்சைச் செருகிக் காற்றை உறிஞ்சி எடுத்து வருகிறேன். ஏரி நடுவில் ஒருவன் உட்கார்ந்து பேசினுக்கு ஊசி போடுகிறான். கரையில் நடந்து போகிறவர்கள் ஒருவர்கூட அது என்ன என்று கேட்பதில்லை. மூன்று வருடமாகக் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை ஓர் அம்மாள் கரையிலிருந்து கையசைத்தார். கடைசியில் ஒரு ஆத்மா கேட்க வந்துவிட்டதே என்று, அரைமணி நேர விளக்கத்தை மனதுக்குள் சுவீடிஷில் கோத்துக்கொண்டு அவசரமாகத் துடுப்புப் போட்டு வந்தேன். "இங்கே நீந்தலாமா?" என்றார். "நீந்தலாம்" என்றேன். நன்றி சொல்லிவிட்டு நீந்திப் போய்விட்டார்.

அந்தச் சுவீடிஷ் விளக்கம் இன்னும் என்னிடமே இருக்கிறது. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். ஏரியின் அடிச்சேற்றில் இலை தழை மக்கி மீதேன் என்ற வாயு உண்டாகிறது. நம் ஊர் சாண எரிவாயுவும் பாதிக்குமேல் அதேதான். அது குமிழியாக மேலே வந்து ஆகாயத்தில் கலந்து, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பேசினுக்குள் சிக்கும் காற்றை வைத்து, எந்த ஏரி எவ்வளவு விடுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. என் அப்பா இதைச் சுருக்கி, "ஏரிக்கு வாயுத் தொல்லை இருக்கான்னு பாக்குறான்" என்று திருச்சி மன்னார்புரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதன் பிறகு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினார்கள்.

போன வருடம் என் உதவித்தொகை முடியும் நிலைக்கு வந்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, வெப்பநாட்டு ஏரி ஒன்றிலிருந்து மாதிரிகள் கொண்டுவந்தால் இன்னும் ஒரு வருடம் வாங்கித் தர முடியும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார். அவர் எதையும் இதே குரலில்தான் சொல்வார். காப்பி ஆறிவிட்டது என்பதையும்கூட. ஆராய்ச்சி பாதியில் நிற்க ஊர் திரும்பினால் அப்பா மன்னார்புரத்தில் அடுத்து என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். மறுநாளே டிக்கெட் எடுத்தேன்.

திருச்சியில் எனக்குக் கிடைத்தது மூன்றே நாள். கண்ணாடிக் குப்பிகளையும் சிரிஞ்சுகளையும் சுவீடனிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். பேசின் வாங்க ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அங்கே என்னோடு கல்லூரியில் படித்த ரங்கராஜன் இருக்கிறான், இப்போது கெமிஸ்ட்ரி வாத்தியார். நாலு பச்சைப் பேசின்களைப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, அடியில் ஆணியைச் சுடவைத்துத் துளை போட வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது.

"ஏண்டா சூசை, புத்தம்புதுப் பேசின்டா. ஆத்துக்குள்ள கொண்டுவந்த அன்னிக்கே ஓட்டை போடச் சொல்றயே, நன்னாவா இருக்கு?"

"சயின்ஸுக்குடா."

"பழசுல போட்டா சயின்ஸ் கோச்சுக்குமோ?"

கண்ணை மூடி ரங்கா ரங்கா என்றபடியே நாலிலும் குத்திக் கொடுத்தான். துளைகளில் குழாய் செருகி, சுற்றிலும் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி மிதவையாக்கினோம்.

காட்டூரைத் தாண்டி ஓர் ஏரி. முதல் நாள் நாலு பேசின்களையும் மிதக்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீரில் ஒன்றுமில்லை. கரையில் நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, டியூபும் குழாயும் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. பேசின்கள் பளபளவென்று இருந்தன. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தார். செல்லம்மா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும்.

"ஒங்க பேசினுங்களா தம்பி? தண்ணியோட போயிட்டிருந்துச்சு. எடுத்துத் தேச்சு வெச்சிருக்கேன். ஆனா நாலும் ஓட்டைங்க. கடக்காரன் நல்லா ஏமாத்திட்டான் ஒங்கள."

அவை தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. சுவீடனில் யாருக்கும் சொல்லாத விளக்கம் அல்லவா, நானும் நீட்டித்தான் சொன்னேன். சாண எரிவாயு மாதிரி என்று சொன்னதுதான் வினை. மறுநாள் காலையில் கரையில் பத்துப் பேர் நின்றார்கள். கேஸ் கனெக்‌ஷனுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் ஊர் இது. ஏரியிலிருந்து கேஸ் எடுக்க ஆள் வந்திருக்கிறது என்றதும் பேர் எழுத வந்துவிட்டார்கள். அடுப்பெல்லாம் எரியாது, இது என் படிப்புக்கு என்று கும்பிட்டுச் சொன்னேன்.

"இது சரியா வந்தாத்தான் நீங்க பாஸா?" என்று செல்லம்மா கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப இந்த எருமைங்கள என்ன பண்றது?"

நியாயமான கேள்விதான். அன்று பகல் முழுக்க எருமைகள் பேசின்களை முட்டி முட்டிப் புரட்டிவிட்டன. ஒரு மாதிரிகூட எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள்தான் கடைசி நாள், சாயங்காலம் மெட்ராஸுக்கு ரயில். நான் போய்ச் சேரும் முன்பே பத்துப் பேரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, பேசின்களைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்கள். எருமை வந்தால் விரட்ட ஓடுவார்கள், திரும்பி வந்து நிற்பார்கள், கால் மாற்றி நிற்பார்கள், பேசிக்கொண்டே உலாத்துவார்கள். ஒவ்வோர் அடிக்கும் சேற்றிலிருந்து குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. சேற்றை யாரும் தொடவே கூடாது என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். கொஞ்சம் கரைக்கு வாங்க என்று கெஞ்சினேன். "நீங்க வேலையப் பாருங்க, நாங்க இருக்கோம்ல" என்றார்கள். அவர்கள் நடுவிலேயே நின்று குப்பிகளை நிரப்பிக்கொண்டு ரயிலேறினேன்.

சுவீடனில் குப்பிக் காற்றை இயந்திரத்தில் செலுத்தினோம். அளவைக் கோடாக வரையும் அதன் பேனா மேலே ஏறி, காகிதத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. பேராசிரியர் "யாஹா" என்றார். சுவீடிஷில் அது ஓர் ஆச்சரியச் சொல். அதுவரை அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வெப்பநாட்டு ஏரி இப்படிப் பொங்கும் என்று உலகத்துக்கே சொல்லலாம், உதவித்தொகை நிச்சயம் என்று கை குலுக்கினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கட்டம்: அளக்கும்போது இடையூறு ஏதும் இருந்ததா?

'இல்லை' என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். எனக்காக நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற பத்துப் பேரை 'இல்லை' என்று எழுத மனசு வரவில்லை. அவர்களை 'இடையூறு' என்று எழுதவும் கூசியது. கடைசியில் 'உதவி: பத்துப் பேர்' என்று எழுதினேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் அதை வெகுநேரம் படித்தார். "ஏரிக்கு உள்ளேயா?" என்றார். உள்ளேதான் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தக் கால்கள் எவ்வளவு வாயுவைக் கிளப்பின என்று தெரிந்தால் மொத்தத்திலிருந்து கழித்துவிடலாம் என்றார். அதை அளந்து காட்டினால் இன்னும் ஒரு வருட உதவித்தொகையைத் தானே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். சேறு வேறு, சூடு வேறு, உத்தேசக் கணக்குதான், இருந்தாலும் பரவாயில்லையாம். பத்துப் பேரை எங்கே தேடுவது என்று கேட்டேன். "நீ ஒருவனே பத்துத் தடவை நட" என்றார்.

அப்படித்தான் நான் செப்டம்பர் மாதத்தில் ரப்பர் பூட்ஸோடு அந்தக் குளிர்ந்த ஏரியில் இறங்கிப் பேசினைச் சுற்றி நடந்தேன். பேராசிரியர் கரையில் கடிகாரத்தோடு நின்று, எத்தனையாவது ஆள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒவ்வொருவர் நடையும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒன்பது பேர் முடிந்தது. பத்தாவது செல்லம்மா.

"அவர் எப்படி நடந்தார்?" என்றார் பேராசிரியர்.

"பேசிக்கொண்டே நடந்தார்."

"அப்படியென்றால் பேசு."

கால் விரைத்துப்போயிருந்தது. மேலே மேகம் மூடிக் கிடந்தது, தூறல் வேறு. "வெயில்ல எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க தம்பி, கரைக்குப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று செல்லம்மா அன்று சொன்னதையே சத்தமாகத் தமிழில் சொன்னேன். இந்த நாட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "இருக்கட்டும்ங்க" என்று நானே பதில் சொல்லிவிட்டு, அடுத்த சுற்று நடந்தேன்.