ஸ்டிக்கர் அக்காவின் கல்யாணப் போட்டோ

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ஸ்டிக்கர் அக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் ஸ்டிக்கர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வரும். காலரைத் திருப்பிப் பார்ப்பாள், கைப்பட்டியை இழுத்துப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, ஆல்ட்டர் என்று திருத்தத் திருப்பி அனுப்பிவிடுவாள். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் சாப்பாட்டு மணி அடித்ததும் அதை நிறுத்திவிடுவாளா என்ன? ஒருத்தியின் நடை, இன்னொருத்தியின் மருமகள், மூன்றாமவளின் டிபன் டப்பா என்று எல்லாவற்றுக்கும் வாயாலேயே ஒரு அம்புக்குறி ஒட்டுவாள். அவள் உட்கார்ந்த மேஜையில்தான் சிரிப்பு கிளம்பும். சிரிக்காதவள் மறுநாள் மாட்டுவாள் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள்.

இப்பேர்ப்பட்டவள் நாற்பத்தேழு வயதில் கல்யாணம் செய்துகொண்டு, அதை ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள் என்றால் நம்புவீர்களா?

மாப்பிள்ளை அவளுடைய அக்கா புருஷனுக்குத் தெரிந்தவர். வெளிநாட்டில் ஒரு பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறார். முதல் மனைவி இறந்து பல வருடமாகிறது. தலையில் ஒரு முடி கிடையாது, மனதில் ஒரு கள்ளமும் கிடையாது. லீவில் வந்தவர் அக்கா வீட்டில் இவள் அடித்த கிண்டலுக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவரையே கிண்டலடித்தபோது இன்னும் அதிகமாகச் சிரித்தார். இவளுக்குப் பிடித்துப்போயிற்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்குத் தொழிற்சாலைக்குப் பல் பிடுங்கப் போவதாக லீவு சொல்லியிருந்தாள். மறுநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். பாவம் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்த வெந்நீரைக் கூச்சமில்லாமல் குடித்தாள். மோதிரம் பகலெல்லாம் கைப்பைக்குள் கிடக்கும். இரவில்தான் விரலுக்கு வரும். அவர் வேலைக்குத் திரும்பிப் போன பிறகும் அதே கதைதான்.

மறைக்கும்படி இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், காஜா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காஜா அக்கா, சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மிஷினில் உட்கார்கிறவள். இவளைவிட ஆறு வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். இவள் கல்யாணத்துக்கு நாலு வருடம் முன், தன் நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு வேன் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கல்யாணப் போட்டோவைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாள். மாப்பிள்ளைக்கு நல்ல வழுக்கை. போட்டோ ஸ்டிக்கர் அக்கா கைக்கு வந்தது. அவள் அதை ஒரு சட்டையைப் பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு அம்புக்குறியை உரித்து அந்த வழுக்கைத் தலையில் ஒட்டினாள். "பீஸ் பழசு, துணி தேஞ்சிருக்கு. ஆல்ட்டருக்கு அனுப்புங்கம்மா" என்றாள்.

கூடமே அதிர்ந்தது. சிலருக்குப் புரையேறியது. காஜா அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்தாள். அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டோவையும் கொண்டுவந்ததில்லை. ஆனால் ஸ்டிக்கர் அக்கா விட்டால்தானே! 'புதுப்பொண்ணு வந்தாச்சு', 'புதுப்பொண்ணுக்கு முட்டி வலியாம்' என்று ஒரு வருடம் ஓட்டினாள். பிறகு பார்த்தால், தனக்கும் ஒரு வழுக்கைத் தலை மாப்பிள்ளை. எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்?

புருஷனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லை. அவர் டிப்போவில் கேக் வாங்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுத்து, இவள் படத்தை போனில் காட்டியிருக்கிறார். "உங்க ஃபேக்டரில என்னம்மா சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டார். ஒன்றுமே சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? "எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். காஜா அக்கா உங்கள விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க" என்று அடித்துவிட்டாள். அந்த நேரத்தில் வாயில் ஏன் அந்தப் பெயர் வந்ததென்று அவளுக்கே தெரியாது. ஒரு தடவை சொன்னது பழக்கமாகிவிட்டது. காஜா அக்கா விசாரித்தார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மனுஷன் உருகிப்போய் காஜா அக்காவுக்கென்றே ஒரு சாக்லேட் டப்பா அனுப்பினார். அது பிரிக்காமல் ஒரு வருடமாக அலமாரியில், போர்வைக்கு அடியில் கிடந்தது.

அவரோடு போய் இருப்பதற்கான விசா இன்டர்வியூவுக்குத் தேதி வந்தது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கூப்பிடுவார். இவள் பின்படிக்கட்டுக்கு ஓடிப்போய் எடுப்பாள். போனிலேயே பயிற்சி நடக்கும். அவர்தான் அதிகாரி.

"உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் படுப்பார்?"

"சுவத்துப் பக்கம். குறட்டை விட்டா நான் தள்ளிவிடறதுக்கு வசதியா."

"அதெல்லாம் அதிகாரிகிட்ட சொல்லாதே தாயே!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக அவர் சொன்னார். "அப்புறம், சொந்தக்காரங்க இல்லாம வெளியாளு ஒருத்தர் பேர் வேணும்னு ஃபார்ம்ல கேட்டிருந்தாங்கல்ல? நம்ம கல்யாணம் தெரிஞ்சவங்க. அதுக்குத்தான் போன மாசம் உங்கிட்ட காஜா அக்கா நம்பர் வாங்கினேன். போட்டாச்சு."

நம்பர் கேட்டபோது வாழ்த்துச் சொல்வதற்காக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்திருந்தாள். அவர் கூப்பிடாமல் ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். இப்போது நம்பர் ஃபார்மிலேயே ஏறிவிட்டது.

விசாவுக்குப் பேப்பர் தயார் செய்து கொடுக்கும் ஆபீசில் இருந்த பெண்ணிடம் போய், ஊரான் கதையைக் கேட்பது போல் கேட்டுப் பார்த்தாள்.

"அந்த நம்பருக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க மேடம். நிஜக் கல்யாணமா, விசாவுக்காகப் பண்ண கல்யாணமான்னு குறை பார்க்கறதுதான் அவங்க வேலையே. ஒளிச்சு வெச்ச கல்யாணம்னா உடனே சந்தேகம்தான். ஒரு தடவை மறுத்துட்டா திரும்ப முதல்லேர்ந்து வரணும். வருஷக்கணக்கா ஆகும்."

அவருக்கு இப்போதே ஐம்பத்தொன்று. இன்னும் எத்தனை வருடம் போனிலேயே குடித்தனம் நடத்துவது? அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு காஜா அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

கதவைத் திறந்தது வேன் டிரைவர். "வாங்க வாங்க! செக்கிங்ல இருக்கறவங்கதானே? உங்களப் பத்தி வீட்ல சொல்லியிருக்கா" என்றார். இவளுக்குப் பகீரென்றது. "உங்க மேஜைல எப்பவும் ஒரே சிரிப்புதானாமே!"

ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கு மேலே, சுவரில் அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. மாப்பிள்ளையின் தலையில் படம் உரிந்துபோய் வெள்ளையாக ஒரு தழும்பு. நுனி முதல் வால் வரை, அம்பு வடிவம் அப்படியே இருந்தது. அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அதையா பாக்கறீங்க? ஸ்டூடியோக்காரன் பண்ண வேலை" என்றார் அவர். "கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சாம். வேற ஒண்ணு போட்டுத் தரச் சொல்லுன்னேன், இவ வேணாம்னுட்டா. போகட்டும், என் தலைல அதுவாவது இருக்கட்டுமே!" சொல்லிவிட்டுத் தன் தலையைத் தானே தடவிக்கொண்டு சிரித்தார். விருந்தாளிக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. காஜா அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தப் போட்டோல நான்..."

"அந்தப் பேச்ச இங்க எடுக்காதே. அவருக்குத் தெரியாது" என்றாள் காஜா அக்கா. "வந்த விஷயத்தைச் சொல்லு."

சொன்னாள். கல்யாணம், பல் வலி, பொய்யாகச் சொன்ன விசாரிப்புகள், ஃபார்மில் போட்ட நம்பர் என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் அவரை விசாரிச்சேன்னு சொன்னியா?"

"ஆமாக்கா."

"தினமுமா?"

"அடிக்கடி."

காஜா அக்கா டப்பாவைக் கையில் எடுத்தாள், ஆனால் திறக்கவில்லை. "போன் வந்தா பேசறேன். ஆனா முன்னாடியே தெரியும்னு சொல்ல மாட்டேன். நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான் நிஜம்."

"அப்படிச் சொன்னா கெட்டுப்போயிடும்கா."

"அப்போ போன் வர்றதுக்குள்ள நாலு பேருக்குத் தெரியற கல்யாணமா அதை ஆக்கிக்கோ. உங்கிட்ட போட்டோ இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல கொண்டுவா. நான் கொண்டுவந்தேன்ல, அது மாதிரி."

மறுநாள் காலையிலிருந்து அவள் கைக்கு வேலையே ஓடவில்லை. பொத்தானே இல்லாத ஒரு சட்டையை நன்றாக இருக்கிறதென்று பாஸ் பண்ணிவிட்டாள். மணி அடித்தது. மோதிரத்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். உட்காராமல் நின்றபடியே போட்டோவை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள். "ஒன்றரை வருஷம் ஆச்சு. இவர்தான்."

போட்டோ ஒவ்வொரு கையாக நகர்ந்தது. எல்லார் கண்ணும் அந்தத் தலைக்குத்தான் போனது, பிறகு அவள் முகத்துக்கு வந்தது. அயர்ன் செக்‌ஷன்காரி ஒருத்தி, வருடக்கணக்காக இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்கா, பீஸ் பழசா இருக்கே. ஸ்டிக்கர் ஒட்டலையா?"

குபீரென்று வெடித்தது சிரிப்பு. மேஜை தட்டிச் சிரித்தார்கள். பல் பிடுங்கின கதையை யாரோ ஞாபகப்படுத்த, இன்னொரு தடவை சிரித்தார்கள். அவளும் உதட்டை விரித்துச் சிரித்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு அப்படிச் சிரிப்பது எத்தனை வலி என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிக்காமல் இருந்தது காஜா அக்கா மட்டும்தான். தன்னிடம் வந்த போட்டோவை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"நல்ல முகம். என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டாள்.

"பஸ் கழுவறார்கா."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வழக்கமான நேரம்தான். கால் தானாகப் பின்படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. காஜா அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலேயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, இன்னைக்கு ஒரே சத்தமா இருக்கு?"

"சாப்பாட்டுக் கூடத்துல இருக்கேன். எல்லாரும் இருக்காங்க."

"அடேயப்பா! காஜா அக்கா இருக்காங்களா? அக்கா, வணக்கம்கா! அந்தச் சாக்லேட் பிடிச்சிருந்துதா?"

காஜா அக்கா குனிந்து போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள். "வணக்கம் தம்பி. நேத்துதான் கைக்கு வந்துச்சு. இன்னும் பிரிக்கல."

"நேத்தா? அனுப்பி ஒரு வருஷம் ஆச்சேக்கா!"

"அதை உங்க வீட்டுக்காரம்மாகிட்ட கேளுங்க" என்றாள் காஜா அக்கா.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லலங்க. இன்னைக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார். "அப்போ, அந்த அக்கா என்னை விசாரிச்சதே இல்லையா?"

"இல்லீங்க."

"காதை மூடிக்கச் சொன்னது?"

"நான் சொன்னதுதாங்க."

"நான் இங்க டிப்போல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருக்கும். அதிகாரிக் குரலை வரவழைத்துக்கொண்டு மறுபடி பேசினார். "சரி, இதையும் இன்டர்வியூல கேப்பாங்க. ஏம்மா கல்யாணத்தை மறைச்சேன்னு அதிகாரி கேட்டா என்ன சொல்லுவே?"

"வெட்கமா இருந்துச்சுன்னு சொல்லுவேன்."

"என்னைப் பார்த்தா?"

அவள் காஜா அக்காவைப் பார்த்தாள். வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது, அதை விழுங்கினாள்.

"உங்க தலையைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு பயந்தேன்" என்றாள். அடுத்ததைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. "இங்க இருக்கறவங்களுக்கு அப்படிச் சிரிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தாங்க. இந்த அக்கா வீட்டுக்காரரை வெச்சுத்தான் கத்துக்கொடுத்தேன்."

அயர்ன் செக்‌ஷன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். காஜா அக்கா போட்டோவைத் தன் ஏப்ரனில் ஒரு தரம் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"சத்தமா சொல்லு. இன்டர்வியூல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவங்களுக்குக் கேக்க வேணாமா?" என்றாள்.

அவள் நிமிர்ந்து, குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னாள்.