ஜெபமணி சாரின் ஒரிஜினல் சான்றிதழ்கள்

ஜெபமணி சார் போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் குழித்துறைச் சந்தையில் வைத்து வந்தது. "அண்ணாச்சி, நம்ம சாரு போயிட்டாரு கேட்டேளா. நெஞ்சுவலி" என்றான் கல்லூரி பஸ் டிரைவர் போனில். தோளில் இருந்த ஏத்தன் வாழைக்குலை தானாகக் கீழே விழுந்தது. மறுநாள் கல்லூரி வாசலில் ஆளுயரப் பேனர்: 'எங்கள் அன்புப் பேராசிரியர்'. அதில் தாளாளர் கைகூப்பி நிற்கிற படம், செத்தவரின் படத்தைவிடப் பெரிதாக.

சாரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். சுனாமிக்கு மறுவருடம் அந்த எம்.பி.ஏ. கல்லூரி தொடங்கிய நாள்முதல் கேண்டீன் என்னுடையது. என் ரசவடையைத் தின்றுதான் இந்த மாவட்டத்துப் பாதி மேனேஜர்கள் உருவானார்கள். சார் மார்க்கெட்டிங் நடத்தினார். அங்கே பாடம் எடுத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். "பொய் சொல்லி ஒருக்கா விக்கலாம் அண்ணாச்சி, அதே ஆளுகிட்ட ரெண்டாவது விக்க முடியாது" என்பார்.

ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. ஆசிரியர்கள் போதாது. அன்றைக்கு மட்டும் ஆள் பிடித்து உட்கார வைப்பது அங்கே வழக்கம். தாளாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கோட்டை மாட்டிவிட்டார். "இன்னைக்கு நீரு பேராசிரியர். வாயத் தெறக்கப்பிடாது வே."

நான் எட்டாம் வகுப்பு. ஆனால் அந்தக் கோட்டில் என்னைப் பார்த்ததும் மூன்று அதிகாரிகளும் எழுந்து நின்றார்கள். வியாபாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் போகிற விதத்தை அரைமணி நேரம் விளக்கினேன். ஒருவர் குறிப்பே எடுத்தார். பிறகு சாரிடம் திரும்பி, "இவர் உங்கள் துறையா?" என்றார்.

"இல்ல சார். இவரு எங்க கேண்டீன் அண்ணாச்சி."

அவ்வளவுதான். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த அவருடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் தாளாளரின் பீரோவை விட்டு வெளியே வரவே இல்லை. அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஒரிஜினல் காட்ட முடியாமல் கைவிட்டுப் போனது. கேட்கப் போகும்போதெல்லாம் "அடுத்த வாரம் பாப்போம்" என்ற ஒரே பதில். சாகும்வரை அதே வகுப்பறை. தூ!

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவியோடு நான் போனேன்.

"அப்ளிகன்ட் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே" என்றார் தாளாளர்.

"கல்லறையிலேருந்து எழும்பி வரணுமா வே?"

நான் மேசையில் அடித்த அடியில் மூன்று மாடியும் குலுங்கியது. கவர் வெளியே வந்தது. அந்த அம்மா பிரித்துப் பார்த்தார். மடிப்புக்கூட விழாத தாள்கள்.

"இனி இத ஆருகிட்ட காட்ட, அண்ணாச்சி?"

தாள்களை வாங்கி, மடிப்பு விழாமல் மறுபடியும் கவருக்குள் வைத்துக் கொடுத்தேன்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று சாயங்காலம் சார் கேண்டீனுக்கு வந்து என் கையைப் பிடித்தார். "சபையில வச்சு உங்க மானத்த வாங்கிட்டேன், மன்னிக்கணும்." நானும் பெரிய மனுஷனாக, "சரி, போட்டும் சாரே" என்றேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு மன்னிப்புத்தான். அது நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டியது.