சிப்பி கிடந்த காங்கிரீட்

விக்டோரியாவை எங்கள் ஊரில் வாய்க்காரி என்பார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் ஒரு நல்ல மனுஷன் திருட்டுப் பட்டத்தோடு ஜெயிலுக்குப் போயிருப்பான். அதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

குளச்சலை அடுத்த கடற்கரை எங்கள் ஊர். புருஷன் கட்டுமரத்தில் போவான், இவள் மீன் சுமந்து விற்பாள். 1952-ல் ஓலை வேய்ந்த அந்தோனியார் கோயிலைப் பிரித்துப் புதுக் கோயில் கட்டியபோது சித்தாள் வேலைக்கும் போனாள். கோபுரம் கிடையாது, நடுவில் தூண் கிடையாது. கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி ஒரே காங்கிரீட் கூரை. கட்டியவர் அருமனை ஞானசிங் கொத்தனார், எங்களைப் போலக் கத்தோலிக்கர் இல்லை, சீர்திருத்த சபைக்காரர்.

குழித்துறையிலிருந்து லாரியில் ஆற்று மணல் வந்தது. கடல் மணலின் உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும் என்று கொத்தனார் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். யார் கேட்டார்கள்? கோயில் கட்டினால் எங்கள் பெண்கள் கரை மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து நேர்ச்சை செலுத்துவார்கள். அந்தோனியாருக்கு நம் கரை மணல்தான் வேண்டுமாம். கொத்தனார் விரட்டினார். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, கடற்பக்கத்துக் கூரைக்காகக் கிடந்த ஆற்று மணல் குவியலில் கொட்டிக் கிளறிவிட்டார்கள். புருஷன் புயல் காற்றில் தப்பி வந்ததற்காக விக்டோரியாவும் கொட்டினாள்.

1955 மழையில் கடற்பக்கத்துக் கூரை துருப்பிடித்து வெடித்து, ஒரு கட்டி பீடத்தின் பக்கத்தில் விழுந்தது. கமிட்டித் தலைவர் முத்துநாயகம் உடனே கண்டுபிடித்துவிட்டார்: கொத்தனார் சிமெண்டைத் திருடி விற்றுவிட்டான், வேறு சபைக்காரன் வேறென்ன செய்வான்! மணல் கொட்டிய அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மழைக்காலம் முழுக்க இதே பேச்சு. விக்டோரியாவும் பேசவில்லை. நேர்ச்சையைத் தப்பு என்று சொன்னால் கடல் புருஷனைத் திரும்பக் கேட்குமோ என்ற பயம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கமிட்டிக்காரர்கள் போலீசுக்குப் புறப்பட்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. விழுந்த கட்டியைத் தூக்கிவந்து முத்துநாயகத்தின் காலடியில் போட்டு உடைத்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள்.

“ஆத்து மணல்ல ஏது அண்ணே சிப்பி? நாங்க சொமந்த நேர்ச்ச மணலாக்கும் இது.”

“ஏட்டி, கோயிலுக்குள்ள நின்னு பொய் பறையாத!”

“பொய்யா? நெறமாசமா இருந்த உம்ம பெஞ்சாதிக்குப் பதிலா சொமந்ததும் நான்தான். வீட்டுல போயிக் கேளும்!”

முத்துநாயகம் வீட்டில் கேட்டார். போலீஸ் பேச்சு அதோடு நின்றது. கோயிலுக்குப் பிளான் வரைந்து கொடுத்த இன்ஜினியர் வந்து பார்த்து, கடற்பக்கத்தை மட்டும் இடித்துத் திரும்ப வார்த்தால் போதும், மீதிக் கூரை கல் மாதிரி இருக்கிறது என்றார். அதைச் செய்ய ஞானசிங்கைக் கூப்பிட வேண்டுமே! கமிட்டிக்காரர்களுக்குப் போக முகமில்லை. விக்டோரியாவை அனுப்பினார்கள்.

“கொத்தனாரே, உண்மைய எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு,” என்றாள்.

ஞானசிங் உட்காரச் சொல்லவில்லை. “இப்பம் சொன்னிய. கட்டி விழுந்தப்பமே சொல்லியிருந்தா எம்மவ கலியாணம் நின்னிருக்காது. கள்ளன் வீட்டுல பெண்ணெடுக்க மாட்டோம்னு மாப்பிள வீட்டுக்காரன் போயிட்டான். உங்க கோயில நீங்களே கெட்டுங்க.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் முத்துநாயகம் எழுந்து, ஆண்டவர் கிருபையால் கூரைப் பிரச்சினை தீர்ந்தது, வேறு கொத்தனார் வருகிறார் என்று அறிவித்தார். விக்டோரியா பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள்.

“அந்தப் பிள்ளைக்க கலியாணத்த முடக்குனது நாமளாக்கும். மாப்பிள வீட்டுல போயி, கொத்தனார் கள்ளன் இல்ல, மணல் கொட்டுனது நாங்கன்னு சொல்லணும். நான் இப்பமே போறேன். என்கூட யாரு வாறியோ?”

கோயில் நிறைய ஆள் இருந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முத்துநாயகம் பாடகர்களைப் பார்த்துக் கை காட்டினார். அவர்கள் பாட்டைத் தொடங்கினார்கள்.