சாயம் போகாத துரை

"கையெழுத்து அப்புறம் போடறேன் அண்ணே. முதல்ல எங்க துரையோட பல்லைப் பாருங்க."

கூரியர்க்காரர் பார்சலையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தார். துரை பளபளவென்றிருக்கும் கறுப்பு லாப்ரடார். உதட்டை எப்படி விலக்க வேண்டும் என்று கீழ்வீட்டு அக்கா சொல்லிக்கொடுக்க, அந்த மனிதர் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுக் கையை நீட்டினார். துரை அப்படியே பின்னால் நழுவி அக்காவின் காலுக்குப் பின்னே போய் உட்கார்ந்துகொண்டான். "பரவால்ல, நாளைக்கும் ஒரு பார்சல் வருது," என்றார் அக்கா.

அக்காவுக்குத் துணிக்கடையில் வேலை. சட்டைத் துணி, திரைச்சீலைத் துணி எல்லாம் அவர் பொறுப்பு. மழைக்கு ஒதுங்கியவர்கூட அவர் பேச்சில் மயங்கி இரண்டு மீட்டர் கிழித்துக்கொண்டு போவார். அவர் வாய் மூடியிருப்பது தூங்கும்போது மட்டும்தான். அதிலும் அவர் கணவருக்குச் சந்தேகம் உண்டு.

துரையைக் குட்டியாகக் கொடுத்தவர் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு நாய் வளர்ப்பவர். "அசல் வம்சம்மா, கண்காட்சியில நிறுத்திப் பாருங்க," என்று அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பிடித்துக்கொண்டார். மொட்டைமாடியில் துரையோடு ஓட்டம், பிறகு நான்கு காலையும் அளவாக வைத்துச் சிலை மாதிரி நிற்கப் பயிற்சி. மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவன் நான். என் மத்தியானத் தூக்கம் அதோடு போயிற்று.

ஓடுவதிலும் நிற்பதிலும் துரை கெட்டிக்காரன். (அவனை 'அது' என்று எழுதினால் அக்கா என்னோடு பேசமாட்டார்.) சங்கடம் ஒன்றே ஒன்று. கண்காட்சியில் நடுவர் கிட்டே வந்து பல்லைப் பார்ப்பார், முதுகையும் காலையும் தடவிப் பார்ப்பார். முன்பின் தெரியாத கை தலைக்கு நேரே வந்தால் துரைக்கு ஆகாது. போன இரண்டு கண்காட்சியிலும் பின்வாங்கி உட்கார்ந்துவிட்டான். நடுவர்கள் அடுத்த நாய்க்குப் போய்விட்டார்கள்.

அக்காவின் கணவர் லாரி ஓட்டுபவர். "இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுத்தான்னா கண்காட்சி கிண்காட்சி எல்லாத்தையும் மூட்டை கட்டிடு. பாவம், அவன் நிம்மதியா வீட்ல கெடக்கட்டும்," என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அக்காவும் சரி என்றார். அன்று சாயங்காலம் படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். "இத்தனை வருஷமா அடுத்தவங்க சரக்கையே எடுத்துக் காட்டிக்கிட்டிருக்கேன். என்னோடதுன்னு ஒண்ணை நாலு பேர் முன்னாடி நிறுத்திடணும்னு ஆசை. அவ்வளவுதான் தம்பி."

அதற்குப் பிறகு அந்தப் படியேறிய யாரும் தப்பவில்லை. பால்காரர், மின்கணக்கு எடுப்பவர், வீடு மாறி வந்துவிட்ட ஒரு கல்யாணத் தரகர் என எல்லாரும் பல் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், என் பல்லைவிட நன்றாகவே இருந்தது. ஆண் நாயிடம் நடுவர் தொட்டுப் பார்க்கும் இன்னொரு இடமும் உண்டு. நல்லவேளை, அந்தப் பொறுப்பை அக்கா கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட்டார்.

மூன்றாவது கண்காட்சிக்குப் பை தூக்க நானும் போனேன். "நடுவர் கேட்டாத் தவிர வாயைத் திறக்கவே கூடாது," என்று நாய் வளர்ப்பவர் அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டுதான் திடலுக்குள் போனார். நடுவர் குனிந்தார். பல்லைப் பார்த்தார். துரை அசையவில்லை. என் பக்கத்தில் நின்ற லாரிக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நடுவரின் கை கழுத்திலிருந்து முதுகு வழியாக, ரோமத்தை அளைந்துகொண்டே இறங்கியது. துணியை அப்படித் தடவிப் பார்க்கும் கையை அக்கா கடையில் எத்தனை வருஷமாகப் பார்க்கிறார்!

"சாயம் போகாது சார்!"

திடலே திரும்பிப் பார்த்தது. நாய்க்குச் சாயம் பூசிக் கொண்டுவருவது அங்கே பெரிய குற்றம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நடுவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துரையின் காதோரத்திலிருந்து வால்வரை அழுத்தித் தேய்த்தார். இதற்கு நாங்கள் யாரும் அவனைப் பழக்கவில்லை. துரை கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தான்.

"ரிவர்ஸ் எடுக்கல," என்று முணுமுணுத்த லாரிக்காரர் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

நடுவர் கைக்குட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒட்டிய ஒன்றிரண்டு முடியைத் தவிர வெள்ளை வெளேரென்று இருந்தது. "நிஜமாவே போகலம்மா," என்று சிரித்துவிட்டார். துரைக்கு மூன்றாம் பரிசு அறிவித்ததெல்லாம் அதற்கப்புறம். அவர் கைக்குட்டையைக் கசக்கிச் சட்டைப்பையில் திணிக்கப் போக, அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வெடுக்கென்று வாங்கி, ஒட்டியிருந்த முடியை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்து, நீவி, நீட்டினார். மடிக்க இரண்டு கையும் வேண்டுமே. துரையின் கயிற்றைக் கீழே போட்டிருந்தார். யாரும் பிடிக்காமல், அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.