'ங்க' போடாத குற்றம்

ஜெயில் அதிகாரி அவர்களே, நீங்கள் ஒரு நோயாளியைப் பிடித்துத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். எனக்குப் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

சிங்காநல்லூரில் எனக்கு பிளவுஸ் தைத்துத் தரும் சரோஜா, ஜெயிலில் இருக்கும் கணவரைப் பார்க்கத் துணைக்குக் கூப்பிட்டாள். போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கந்தசாமி வந்து நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எதுக்கு வந்தே?"

சுருக்கென்றது. நானும் கோயமுத்தூர்க்காரிதானே... ஒரு 'ங்க' குறைந்தால் எங்களுக்குச் சொத்தில் பங்கு போன மாதிரி.

சரோஜா என் கையைப் பிடித்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. முந்தியெல்லாம் எங்க ஊட்டு நாயைக்கூட 'வாங்க, சாப்புடுங்க'ம்பாருங்க. வெள்ளகோவில் ரோட்டுல பைக்ல உழுந்து மண்டை ஒடைஞ்சுதில்லீங்க... அதுக்கப்பறம் வாயில 'ங்க' வர்றதில்லீங்க. கோவம் மட்டும் வருதுங்க."

அந்தக் கோபத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரரை இரும்புக் கம்பியால் அடித்தார். அதற்குத் தண்டனை. சரி, அதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு அடுத்ததில். அருகில் நின்ற வார்டர் சிரித்தார். "திமிருங்கம்மா. எங்க ஆபீசரையே 'நீ போ'ங்கறானுங்க. மரியாதை இல்லீன்னு ரெண்டு ரிப்போர்ட் ஆயிப்போச்சுங்க. தனி செல்லுலதான் கெடக்கறானுங்க."

திட்டும்போதும் வரிக்கு ஒரு 'ங்க' தவறவில்லை. என்ன பண்பாடு பாருங்கள்.

"டாக்டர் யாராவது அவர் தலையைப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்களே திங்கறான்" என்றார்.

ஆக, வயிறு நன்றாக இருந்தால் மூளையும் நன்றாக இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு டிபார்ட்மென்ட்.

மூளையில் அடிபட்டால் சிலருக்கு நிதானம் போய்விடும். என்ன பேசுகிறோம் என்பதே பிடிபடாது. அப்படிப்பட்டவரைத் தனியாகப் பூட்டி வைத்தால் மிச்சமிருக்கிற மனசும் கெடும். இது தெரிய டாக்டருக்குப் படிக்க வேண்டுமா?

சரோஜாவுக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை பரோல். வெளியே வந்தால் ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று இருக்கிறாள். மூன்றாவது ரிப்போர்ட் விழுந்தால் பரோல் கிடையாதாம். அதாவது, நோய் இருக்கிறது, அதனால் வைத்தியத்துக்குப் போகக்கூடாது.

அதிகாரி அவர்களே, அந்த மூன்றாவது ரிப்போர்ட்டை எழுதும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எனக்கு போன் போட்டுக் குழைய வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, ஊர் பார்க்கச் சொல்லுங்கள்.

கந்தசாமியை டாக்டரிடம் அழைத்துப்போவது எந்தத் தேதியில்?