எனக்குத் தெரியாமல் வைத்த நேர்த்திகள்

என் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்த அதே வாரம்தான் எங்கள் டிப்ளோமா வகுப்பில் பதகளிப்பு, அதாவது மனப்பதற்றம், பற்றிய பாடம் தொடங்கியது. மேலே இருக்கிறவருக்கும் குறும்பு உண்டு என்று அப்போதுதான் நம்பினேன்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்குப் போய் உளவளத்துணை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்குப் பிறகு படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வியாதி பிடிக்கும். படித்ததை யார் மேலாவது பரீட்சித்துப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வீட்டில் அகப்பட்டவர்கள் அம்மாவும் என் கணவரும். எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், ஆகவே அந்த மனிதர் என்னிடமும் அம்மாவிடமும் சேர்த்தே மாட்டுப்பட்டவர். வேலைக்காக வாழைச்சேனைக்குப் போய் அங்கேயே குடியிருந்துவிட்ட தங்கச்சி எந்நேரமும் தொலைபேசியில் இருந்தாள்.

முதலில் படித்த கோட்பாடு மனத்தை மூன்றாகப் பிரித்தது. ஆசைப்படுகிற ஒன்று, அதட்டுகிற ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நின்று சமாளிக்கிற ஒன்று. அட, இது எங்கள் வீடல்லவா! ஆசை நான், அதட்டல் அம்மா, நடுவில் நின்று முழிக்கிறவர் அவர். அடுத்த கோட்பாடு ஐந்து பண்புகளை வைத்து ஆளை அளந்தது. அதில் ஒன்று இணங்கிப்போகும் தன்மை. அம்மாவுக்கு அதில் எத்தனை புள்ளி போடலாம் என்று யோசித்தேன், பிறகு வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொந்தமாகவே ஒரு கோட்பாடு இருந்தது: குடி. எங்கள் ஊர்களில் குடி என்கிற வம்சம் தாய்வழியாய் வருவது. பிள்ளையின் குணமும் அதோடு சேர்ந்தே வருகிறது என்பது அவள் முடிவு. என்னிடம் உள்ள நல்லதெல்லாம் அவள் குடி, மற்றதெல்லாம் அப்பாவோடு பழகியதால் வந்தது.

கட்டியைப் பற்றிச் சொன்னதும் அம்மா தொட்டுப் பார்த்தாள்.

"நுளம்பு கடிச்சிருக்கும் புள்ள. மஞ்சளப் பூசு, வத்திரும்."

மறுத்தல்! மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளுகிற பாதுகாப்புப் பொறிமுறைகளில் முதலாவது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள், முடிவு வரச் சில நாள் செல்லும் என்றார்கள். அடுத்த நாளே அம்மா முருங்கை மரத்தடியில் கட்டியிருந்த ஆட்டைப் பிடித்து ஏசத் தொடங்கினாள். பாவம், அது ஒரு குழையைக்கூடத் தப்பாகத் தின்னவில்லை.

"அம்மா, இதுக்குப் பேர் இடப்பெயர்ச்சி. என்ட கட்டியில உள்ள கோவத்த ஆட்டுல காட்டுறீங்க."

"உனக்குப் பேர் வெச்சவளே நான். எனக்குப் பேர் வெக்க வந்திட்டாய். அங்கால போ!"

என் கணவர் காலையும் மாலையும் வட்டைக்குப் போனார். வட்டை என்றால் எங்கள் வயல்வெளி. "தண்ணி கட்டப் போறன்" என்று மண்வெட்டியைத் தோளில் வைப்பார். வேளாண்மை வெட்டுக்கு நின்றது, நெல் பழுத்துத் தலை சாய்ந்து கிடந்தது, இருந்த தண்ணீரையே வடித்து விட்டாயிற்று. எந்தத் தண்ணீரை எங்கே கட்டப் போனாரோ! தப்பியோடல் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "ஓம், அதுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனார்.

தங்கச்சி அழைத்து, "ஒண்டும் இரிக்காது அக்கா, சும்மா கொழுப்புத்தான்" என்பாள். சொல்லி முடிக்குமுன் ஒப்பாரி தொடங்கிவிடும். இவளை எந்தக் கோட்பாட்டில் போடுவதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பொறிமுறைகளின் கடைசியில் இன்னொன்று இருந்தது. பயம் வரும்போது பயப்படாமல், அதைப் பாடமாக்கிப் படித்துக்கொண்டும் விளக்கிக்கொண்டும் இருப்பது. அந்தப் பக்கத்தை நான் கொஞ்சம் கெதியாகப் புரட்டினேன்.

உண்மையைச் சொன்னால் பயந்து செத்தேன். கரும்பலகையில் எழுதும்போதே இடது கை தானாகக் கட்டியைத் தேடிப் போகும். பதகளிப்பு வந்தால் ஆழமாக மூச்சை இழுத்து மெதுவாக விட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியபோது வாவியைப் பார்த்தபடி இழுத்து விட்டேன். பக்கத்துச் சீற்றில் இருந்த மனுசி என் முதுகைத் தடவத் தொடங்கிவிட்டாள். "தொய்வா புள்ள? கனகாலமா? துளசிச் சாறு குடிச்சிப் பாத்தியா?" தொய்வு என்கிற மூச்சிழுப்பு இல்லை, பதகளிப்பு என்று விளக்கத் தெம்பில்லை. ஓம் என்றேன். இறங்கும்வரை தடவினாள், அதில் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

முடிவு சொல்கிற நாளில் மூன்று பேரும் கூட வந்தார்கள், தங்கச்சி முதல் பஸ்ஸிலேயே வந்திறங்கியிருந்தாள். டொக்டர் கடதாசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிதான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

கதவுக்கு வெளியே வந்து சொன்னேன். அம்மா நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டாள் பாருங்கள்! கோயிலில் சாமி எழும்பும்போது போடுகிற குரவை. ஆஸ்பத்திரி நடைபாதையே திரும்பிப் பார்த்தது. யாருக்கு என்ன நடந்ததென்று ஒரு தாதி ஓடி வந்தாள். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

வீட்டுக்கு ஓட்டோவில் திரும்பினோம். உயிர் திரும்பி வந்தவளுக்கு முதலில் வருவது பசிதான்.

"போற வழியில நண்டு வாங்குவம்" என்றேன்.

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். "அக்கா, கோவிக்கக் கூடாது. ஒரு வருசத்துக்கு நீ மீன், நண்டு, றால் ஒண்டும் தின்னமாட்டாய் எண்டு நேர்ந்துட்டன்."

"யாரு, நானா?"

"ஓம், நீதான்."

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவளிடம் சொல்கிற கதையா இது? நீதி கேட்டுக் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்டு வெச்சிட்டன். கதிர்காமத்துக்கு ரெண்டு பேரும் நடந்து வாறம் எண்டு." அது காடு வழியாகப் பல நாள் நடை. சந்திக் கடைக்குப் பாண் வாங்கவே மோட்டார் சைக்கிளில் போகிற மனிதர் இவர். அம்மா வெளியே தென்னைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா?"

"நான் பெரிசா ஒண்டும் வெக்கல்ல புள்ள. தீ மட்டும்தான்."

எங்கள் அம்மன் கோயில் சடங்கில் தீக்குழி வெட்டி, தணல் பரப்பி, நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். அதில் நான் நடப்பதாக அந்தக் கோயில் அம்மாளுக்கு அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"கட்டி என்ட. வாய் என்ட. கால் என்ட. ஒரு வார்த்த என்னட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஓம் எண்டு சொல்லுவியா?"

ஓட்டோக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார்.

கட்டி தந்த பதகளிப்பு போய், தீ தந்த பதகளிப்பு வந்து குந்திக்கொண்டது. அதற்கும் ஒரு முறை படித்திருந்தேன்: பயப்படுகிற பொருளோடு படிப்படியாகப் பழகுவது. முதலில் அதை நினைப்பது, பிறகு பார்ப்பது, பிறகு கிட்டப் போவது. நினைத்து முடித்து, அடுப்படியில் நின்று தணலைப் பார்க்கிற கட்டத்துக்கு வந்தேன். "பாத்தது காணும், சோத்த வடி" என்றாள் அம்மா. அதோடு அந்தச் சிகிச்சை முடிந்தது. மீன் விரதமும் தொடங்கிவிட்டிருந்தது. நண்டு மீனில் சேராது என்று நான் வாதாடிப் பார்த்தேன், தங்கச்சி அசையவில்லை.

சடங்கன்று மஞ்சள் சேலை உடுத்து, ஈரத் தலையோடு வரிசையில் நின்றேன். முன்னால் தணல் சிவந்து கிடந்தது. கோட்பாடுகளில் ஒன்றாவது ஞாபகம் வர வேண்டுமே, ஊஹூம். அம்மா என் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, இவ்வளவு பாசமெண்டா நீங்களே மிதிக்கிறன் எண்டு வெச்சிருக்கலாம்தானே? என்ட கால ஏன் இழுத்தீங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வகுப்பில் மந்தமான பிள்ளையை நான் பார்க்கிற பார்வை.

"நான் மிதிக்கிறன் எண்டு வெச்சா, நீ இல்லாட்டியும் நான் மிதிக்கலாம். நீ மிதிப்பாய் எண்டு வெச்சாத்தானே அம்மாள் உன்ன உசிரோட வெச்சிருக்கோணும்."

ஒரு வருஷம் மீன் தின்னாமல் இருக்க, அந்த ஒரு வருஷமும் நான் இருக்க வேண்டும். இரண்டு பேராய்க் கதிர்காமம் போக, இரண்டு பேர் வேண்டும். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். கண் நிறைந்து தணல் கலங்கித் தெரிந்தது.

"அழாத புள்ள" என்றாள் அம்மா. "கண்ணத் தொடச்சிட்டு நேராப் பாத்துப் போ. நடுவுல நிண்டு யோசிக்காத."

பின்னால் குரவை கேட்டது. நான் காலை எடுத்து வைத்தேன்.